நண்டுக்கு அந்த விலை தகும்

விலை கூடிய உணவகம் ஒன்றில் சாப்பிட்டுவிட்டு வந்து யாராவது அதைப் பற்றிப் பேசினால் போதும், சுற்றியிருப்பவர்கள் ஒரே குரலில் தொடங்கிவிடுவார்கள். "ஒரு நண்டுக்கு இவ்வளவு காசா? இந்தக் காசுக்கு ஒரு குடும்பம் ஒரு மாசம் சாப்பிடுமே!" அடுத்தவர், "இதைவிட ருசியா எங்கட அம்மா சும்மா ஆக்கித் தருவா" என்பார். மூன்றாமவர், "தின்றது காலையில போயிரும், காசு போனது போனதுதான்" என்று முடித்து வைப்பார். இதைக் கல்யாண வீட்டில் கேட்டிருக்கிறேன், கொழும்பு பஸ்ஸில் கேட்டிருக்கிறேன், கோயில் பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். எதிர்த்து ஒருவரும் பேசிக் கேட்டதில்லை. பேசினால் பணத்திமிர் என்று பெயர் வரும்.

நான் எதிர்த்துப் பேசுகிறேன். கற்பிட்டிக் குடாநாட்டில், களப்பைப் பார்த்த பக்கத்தில், நண்டு விற்ற காசில் படித்து வளர்ந்தவள் என்ற உரிமையில் பேசுகிறேன்.

அந்தப் பேச்சுக்குள் இருக்கும் நல்ல மனதை நான் மறுக்கவில்லை. 2022இல் இந்த நாட்டில் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் பால்மாவுக்கும் மனிதர்கள் வரிசையில் நின்று களைத்தார்கள். எங்கள் கரையில் எண்ணெய் இல்லாமல் படகுகள் மணலில் ஏறிக் கிடந்தன. அப்படியொரு காலத்தைப் பார்த்த ஊரில், ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் கட்டுக்கட்டாகப் பணம் கொடுப்பதைக் கேட்டால் மனம் சுருங்கத்தான் செய்யும். சுருங்காத மனம் எனக்கும் வேண்டாம்.

ஆனால் அந்தப் பேச்சு ஒரு கேள்வியைக் கேட்பதே இல்லை. அந்த நண்டு எங்கிருந்து வந்தது? தட்டிலேயே பிறந்ததுபோல நினைத்துக்கொண்டு, சாப்பிட்டவரையும் அவருடைய பணத்தையும் மட்டும் நிறுத்தி வைத்து வழக்கு நடத்துகிறார்கள். பிடித்தவரைச் சாட்சிக்குக்கூடக் கூப்பிடுவதில்லை. நான் அவரைக் கூட்டி வருகிறேன்.

என் அப்பா சேற்று நண்டு பிடித்தவர். பின்னேரம் தோணியில் போய், கண்டல் ஓரமாகக் கூடுகளை இறக்கிவிட்டு வருவார். இரைக்குத் திருக்கைத் துண்டு, மீன் தலை, அதுவும் இல்லாத நாளில் கோழிக்குடல். விடியுமுன்னே எழும்பிப் போய்த் தூக்குவார். இருபது கூடு தூக்கினால் ஆறேழில் நண்டு இருக்கும். சிலதில் இரையே இருக்காது. ஒன்றிரண்டு கிழிந்திருக்கும். அந்த ஆறேழிலும் பெரியது ஒன்று இருந்தால் அது நல்ல நாள்.

உயிர் நண்டின் முன்னங்கால் விரல் எலும்பை நொறுக்கிவிடும். அப்பாவுக்கு இடது கையில் ஒரு விரலின் நகம் பாதிதான். நண்டைக் கீழே விட்டு, முதுகை வெறுங்காலால் மெல்ல அமர்த்தி, முன்னங்கால்கள் இரண்டையும் உள்பக்கமாக மடக்கி, ஈரக் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் சுற்றி ஒரு முடிச்சுப் போடுவார். நான் பத்து எண்ணி முடிக்குமுன் அது முடிந்திருக்கும். கால் ஒடியக் கூடாது. கயிறு இறுகி நண்டு சாகவும் கூடாது. பிறகு அதைப் புரட்டி, கால் முளைக்கிற இடத்துக்குக் கிட்ட வயிற்றுப்பக்கத்தைப் பெருவிரலால் அழுத்துவார். கல்லுப்போல இருந்தால் தசை நிறைந்த நண்டு. அமுங்கினால் அண்மையில்தான் ஓடு கழற்றியிருக்கிறது, உள்ளே தண்ணிதான் இருக்கும். வாங்க வருகிற முதலாளியும் முதலில் அதே இடத்தைத்தான் அழுத்துவார். அரைக் கிலோவுக்குக் கீழே ஒரு விலை, முக்கால் கிலோவுக்கு ஒரு விலை, கிலோவைத் தாண்டினால் இன்னொரு விலை. ஒரு முன்னங்கால் இல்லையென்றால் பேச்சே வேறு.

அந்த நாள்களில் பெரிய நண்டு எங்கள் வீட்டு அடுப்பைப் பார்த்ததில்லை. கால் ஒடிந்ததும் தண்ணியானதும்தான் எங்களுக்கு. "நல்ல நண்டு எப்பிடியப்பா இருக்கும்?" என்று நான் கேட்டால், "வித்த நண்டுதான் நல்ல நண்டு" என்பார்.

விற்ற நண்டு எங்கே போனது? ஈரச் சாக்குக்கும் பெட்டிக்கும் மாறி, லொறியில் ஏறி, கட்டுநாயக்காவில் விமானம் ஏறியது. சிங்கப்பூரின் உணவகங்களில் பட்டியலைப் புரட்டினால் 'இலங்கை நண்டு' என்றே அச்சடித்திருப்பார்கள். அங்கே அது ஒரு தரத்தின் பெயர். புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு, மன்னார், மட்டக்களப்பு என்று நம் களப்புகள் எல்லாம் சேர்ந்து சம்பாதித்த பெயர். பெயர் நம்முடையது, தின்றவர்கள் வேறு ஆட்கள். 2011 டிசம்பரில் கொழும்புக் கோட்டையில், ஒல்லாந்தர் கட்டிய பழைய வைத்தியசாலைக் கட்டடத்தில், சமையல் வல்லுநர் தர்ஷன் முனிதாசவும் கிரிக்கெட் வீரர்கள் மகேல ஜயவர்தனவும் குமார் சங்கக்காரவும் சேர்ந்து 'மினிஸ்ட்ரி ஒஃப் கிராப்' உணவகத்தைத் தொடங்கியபோது அடிப்படையாக இருந்த எண்ணமே இதுதான்: மிகச் சிறந்த நண்டு வெளிநாட்டுக்கே போய்க்கொண்டிருக்கிறது, அதை இந்த மண்ணிலேயே பரிமாற வேண்டும். நண்டை எடைவாரியாக, அரைக் கிலோவிலிருந்து இரண்டு கிலோ வரை, ஒவ்வோர் அளவுக்கும் ஒரு பெயர் வைத்து விற்றார்கள். 2015இல் ஆசியாவின் சிறந்த 50 உணவகங்களின் பட்டியலில் அது இடம்பிடித்தது. 'ஒரு நண்டுக்கு இவ்வளவா' என்ற கூச்சல் நம்மிடையே உரத்துக் கேட்கத் தொடங்கியதும் அதற்குப் பிறகுதான். சிங்கப்பூர்க்காரன் அதே நண்டுக்கு அதே விலை கொடுத்த காலத்தில் நமக்கு ஒன்றும் உறுத்தவில்லை. நம் நாட்டில் ஒருவர் கொடுத்ததும் பாவமாகிவிட்டது.

முதல் வாதத்துக்கு வருகிறேன். கடலுணவு மலிவாக இருக்க வேண்டும், எல்லாரும் தின்னும் விலையில் இருக்க வேண்டும் என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கடலுணவை மலிவாக்கினால் என்ன ஆகும் என்று புத்தளம் மாவட்டத்தாருக்குப் புத்தகம் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. சிலாபத்திலிருந்து வடக்கே முந்தல், உடப்புப் பக்கமாக வந்து பாருங்கள். வெடித்த சேற்றுக் குழிகள் வரிசைவரிசையாகக் கிடக்கின்றன. இறால் பண்ணைகள் இருந்த இடம் அது.

1980களில் கறுப்பு வரி இறாலை வளர்க்க இந்தக் கரையோரம் முழுவதும் குளம் வெட்டினார்கள். கண்டலை வெட்டினார்கள், உவர்நிலத்தைத் தோண்டினார்கள். ஒரு பண்ணை ஒல்லாந்தர் கால்வாயிலிருந்து தண்ணீர் எடுத்து, கழிவை அதே கால்வாயில் விட்டது. அடுத்த பண்ணை அந்தத் தண்ணீரை எடுத்தது. இரவெல்லாம் ஜெனரேட்டர் சத்தமும் தண்ணீரைக் கலக்கும் சக்கரங்களின் சத்தமும். உலகச் சந்தையில் இறால் குவிந்தது. பணக்காரர் விருந்தில் எண்ணி வைத்த இறாலை ஹோட்டல் புஃபேயில் அகப்பையால் அள்ளிப் போடுகிற காலம் வந்தது. 1996இல் வெண்புள்ளி நோய் வந்தது. ஒரே தண்ணீரைக் குடித்த குளங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. முதலாளிகள் பலர் குளத்தை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். கண்டலும் போய், இறாலும் போய், களப்பில் வலை வீசிப் பிழைத்தவர்களுக்குத்தான் குழி மிஞ்சியது.

அந்தக் கண்டலைத் திரும்ப நடும் வேலை இன்றும் முடியவில்லை. 2015இல் இலங்கையின் கண்டல் காடுகள் அனைத்தையும் காக்கும் திட்டம் தொடங்கியது. 2016இல் சிலாபத்துக்குப் பக்கத்தில் பம்பலையில் கண்டலுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் திறந்தார்கள். ஒரு மாவட்டம் தன் காட்டை அருங்காட்சியகத்தில் வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டி வந்தது எதனால் என்று கேட்டால், மலிவு இறாலுக்கு அதில் பெரிய பங்கு இருக்கிறது.

நண்டு அப்படிக் குளத்தில் குவிந்து மலியவில்லை. அடைத்து வைத்தால் ஒன்றையொன்று தின்னும் பிராணி அது. பெட்டை நண்டு முட்டையிடக் களப்பை விட்டுக் கடலுக்குப் போகும். குஞ்சு வளர்வதற்குக் கண்டல் வேருக்குத் திரும்பி வரும். இன்றும் நம் நண்டு பெரும்பாலும் களப்பிலிருந்தும் கண்டலிலிருந்தும்தான் வருகிறது. ஆகவே களப்பு உயிரோடிருந்தால்தான் நண்டு. எடைவாரியாக விலை ஏறும் பொருளானதால், சின்னதைப் பிடிக்காமல் விட்டால் லாபம் என்கிற கணக்கும் அதற்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு தடவை ஓடு கழற்றும்போதும் நண்டு பெருக்கிறது, அதன் விலையும் பெருக்கிறது. கால் கிலோ நண்டைத் திரும்பத் தண்ணீரில் விட அப்பாவுக்கு எந்த அதிகாரியும் வந்து சொல்லிக் கொடுக்கவில்லை. "இது நாளைக்கு ஒரு கிலோ" என்று சொல்லி விடுவார். நாளைக்கு அந்த ஒரு கிலோவை நல்ல விலைக்கு வாங்க ஒரு மேசை எங்கோ காத்திருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் அவர் விட்டார். அந்த மேசையைப் பாவம் என்று சொல்லி மூடிவிட்டால், கால் கிலோ நண்டு அன்றைக்கே சட்டியில் விழும்.

மலிவு வந்தால் எப்படி இருக்கும் என்பதை 2020இல் பார்த்தோம். மார்ச் மாதம் விமான நிலையம் மூடியது. ஊரடங்கு வந்தது. கொழும்பில் மேசைகள் எல்லாம் காலி. முதலாளியின் லொறி வரவில்லை. எங்கள் பக்கத்தில் நண்டு அந்த நாள்களில்தான் மிக மலிவு. வாங்கத்தான் ஆளில்லை. என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கிலோவைத் தாண்டிய நண்டு எங்கள் வீட்டுச் சட்டிக்கு வந்தது. அம்மா முருங்கையிலை போட்டு ஆக்கினார். யாரும் பேசாமல் தின்றோம். அடுத்த கிழமை அப்பா கூடுகளைக் கழுவிக் கூரைக்குக் கீழே அடுக்கிவிட்டார். மலிவு நண்டின் ருசியை அப்படித்தான் அறிந்தேன். எல்லாரும் தின்னும் விலைக்கு நண்டு வந்தபோது, பிடித்தவர் வீட்டில் அரிசி வாங்கக் காசிருக்கவில்லை.

இரண்டாவது வாதம்: 'அந்தக் காசுக்கு ஒரு குடும்பம் ஒரு மாசம் சாப்பிடும்.' சரி, எந்தக் குடும்பம்? இந்தக் கேள்விக்குப் பதிலாக ஒரு சாப்பாட்டைச் சொல்கிறேன். என் வாழ்க்கையில் நான் மறக்கவே முடியாத சாப்பாடு அது.

எனக்கு வேலை நிரந்தரமான வருடம் அப்பாவைக் கொழும்பில் ஒரு பெரிய உணவகத்துக்குக் கூட்டிப் போனேன். பெயர் இங்கே தேவையில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். கதிரையின் நுனியில்தான் உட்கார்ந்தார். பரிமாறும் பையன், சமைக்குமுன் காட்டுவதற்காக, கட்டிய நண்டைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தான். அப்பா யோசிக்கவேயில்லை. கையை நீட்டி நண்டைப் புரட்டினார். பெருவிரலால் அழுத்தினார். கயிற்று முடிச்சைப் பார்த்தார். "நல்ல நண்டு. கட்டினவனுக்கும் தொழில் தெரியும்" என்றார். பையன் சிரித்துக்கொண்டு, "ஐயாவுக்கு நண்டு தெரியும்போல" என்றான். அதுவரை நுனியில் இருந்தவர் அப்போதுதான் முழுக் கதிரையிலும் சாய்ந்தார்.

நண்டு மிளகு போட்டு வந்தது. நாற்பது வருடம் நண்டு பிடித்த மனிதர் முதல் தடவையாக ஒரு முழு நண்டை, கால் ஒடியாத நண்டை, தசை நிறைந்த நண்டை, வேறொருவர் சமைத்துக் கொண்டுவந்து வைக்க, அவசரமில்லாமல் தின்றார். ஓட்டை உடைக்கக் கொடுத்த இடுக்கியைத் தொடவில்லை. கரண்டியின் பின்பக்கத்தால் தட்டி, தசையைக் குலையாமல் உருவி என் தட்டில் வைத்தார். கடைசிக் கால்வரை விடவில்லை.

பில் வந்தது. அந்த மாதச் சம்பளத்தில் கால்வாசி. மறைக்கப் பார்த்தேன், வாங்கிப் பார்த்துவிட்டார். "காசைக் கரியாக்கினாய்" என்பார் என்று தலை குனிந்திருந்தேன். அப்பா அந்தக் காகிதத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "நம்மட நண்டு இவ்வளவு பெறுமதியா மகள்?" நான் ஒன்றும் சொல்லவில்லை. "அப்ப ஏன் என்ர கையில அந்த விலை வரல்ல?"

இரண்டாவது வாதத்துக்கு என் பதில் அப்பாவின் அந்தக் கேள்விதான். விலை கூடிவிட்டது என்று அவருக்குத் தோன்றவில்லை. விலை தன்னிடம் வந்து சேரவில்லை என்றுதான் தோன்றியது. இந்த இரண்டுக்கும் இடையில் ஒரு கடல் இருக்கிறது. 'ஒரு குடும்பம் ஒரு மாசம் சாப்பிடும்' என்று சொல்கிறவர்கள் அந்தப் பணத்தை மேசைக்கு வராமல் தடுத்தால், அது எந்த ஏழை வீட்டுக்கும் நடந்து போகப் போவதில்லை. ஒரு தொலைபேசியாகவோ ஒரு சோடிச் சப்பாத்தாகவோ மாறிவிடும். மேசைக்கு வந்த பணத்தில்தான் குறைந்தபட்சம் ஒரு பங்கு களப்புவரை வருகிறது. அந்தப் பங்கு சிறிது என்றால், சண்டை பிடிக்க வேண்டியது பங்கைப் பெரிதாக்க. நண்டு விலையைக் குறைத்தால் முதலில் குறைவது அப்பாவின் பங்குதான். தரகன் தன் கமிசனைக் குறைத்துக் கொண்டதை எந்த ஊரிலும் நான் கண்டதில்லை.

இது இன்று நேற்றுப் பிரச்சினையும் இல்லை. கற்பிட்டிக் கோட்டையை ஒல்லாந்தர் 1667க்கும் 1676க்கும் இடையில் கட்டினார்கள். ஏன் அந்த இடம்? களப்பின் வாய் அங்கேதான் இருக்கிறது. கண்டி அரசனின் சரக்கு புத்தளம் வழியாகக் கடலுக்குப் போகாமல் அந்த வாயை அடைத்து நின்றார்கள். வாயில் நிற்பவன் விலை சொல்வான், உள்ளே இருப்பவன் கேட்டுக்கொள்வான். சரக்கு மாறியிருக்கிறது, ஆனால் களப்பின் வாயில் யாராவது ஒருவர் நின்றுகொண்டுதான் இருக்கிறார். கோபப்பட வேண்டிய இடம் அந்த வாயில். மேசையில் உட்கார்ந்து நண்டு தின்கிறவர்மீது கோபத்தைக் காட்டுவது, வாயிலில் நிற்பவரை நிம்மதியாக நிற்கவிடுவதுதான்.

மூன்றாவது வாதம்தான் எனக்கு மிகவும் வலிக்கிறது. 'இதைவிட ருசியா எங்கட அம்மா சும்மா ஆக்கித் தருவா.' அந்தச் 'சும்மா' என்ற சொல்லை ஒரு தடவை நிதானமாகச் சொல்லிப் பாருங்கள்.

அம்மா நண்டு துப்புரவாக்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? ஓட்டைப் பிளந்து, செவுளைப் பிடுங்கி, ஒவ்வொரு காலையும் அம்மிக்கல்லின் குழவியால் அளவாகத் தட்ட வேண்டும். கூடத் தட்டினால் தசையில் ஓடு ஏறும். குறையத் தட்டினால் உறைப்பு இறங்காது. முள் குத்திய விரலோடு தேங்காய் திருவி, முதற்பால் இரண்டாம்பால் பிழிந்து, மிளகாய்த்தூள் வறுத்து, புகைக்குள் நின்று ஆக்கி, எல்லாருக்கும் போட்டுவிட்டு, சட்டியில் ஒட்டியிருக்கும் குழம்பில் சோற்றைப் பிரட்டித் தின்பார். அது சும்மா கிடைத்தது என்றால், கொடுக்காமல் விட்டவர்கள் நாம் என்று அர்த்தம். 'அம்மாவின் கைக்கு விலையே இல்லை' என்று கண்கலங்கச் சொல்லிக்கொண்டே, அந்தக் கைக்கு ஒரு சதமும் கொடுக்காமல் தப்பி வந்திருக்கிறோம். உணவகத்தில் அதே வேலைக்கு ஒரு விலை இருக்கிறது என்பதை வெறும் கொள்ளை என்று பார்க்காமல், அந்த வேலைக்கும் விலை உண்டு என்பதற்குச் சாட்சியாகப் பாருங்கள்.

சிங்கப்பூரின் பெயரை உலகமெங்கும் கொண்டுபோன மிளகாய் நண்டுக் கறியைத் தொடங்கியது ஒரு பெண். செர் யாம் தியான் என்று பெயர். வீட்டில் கணவருக்கு ஆக்கிய நண்டை 1950களில் தள்ளுவண்டியில் வைத்து விற்கத் தொடங்கினார். பிறகு அது உணவகமாகியது. ஒரு வீட்டுச் சமையலறையில் சும்மா கிடந்த ருசிக்கு விலை வைத்ததால்தான் ஒரு நாட்டின் அடையாளமே பிறந்தது. நம் நண்டை வைத்தே அந்தக் கறி இன்று பல பெரிய மேசைகளில் பரிமாறப்படுகிறது. நண்டும் நம்மிடம் இருந்தது, ஆக்கத் தெரிந்த கையும் இருந்தது. விலை சொல்லும் வாய்தான் இருக்கவில்லை.

நான்காவதாக ஒன்று சொல்வார்கள்: ஆடம்பர விருந்து நம் பழக்கமே இல்லை, வெள்ளைக்காரன் பழக்கம். அப்படியா? புத்தளத்தில் முஸ்லிம் கல்யாண வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். சஹன் என்ற பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து, நெய்ச்சோறும் இறைச்சியும் வட்டிலப்பமுமாக ஊரையே உட்கார வைத்துச் சாப்பாடு போடுவார்கள். தலவில அன்னம்மாள் திருவிழாவுக்குப் போகிற எங்கள் ஆட்கள் வருடம் முழுக்கச் சேர்த்த காசை அந்த நாள்களில் செலவழித்து விருந்தாக்குவார்கள். மகள் கல்யாணத்துக்குக் கடன்பட்டு ஆயிரம் பேருக்குச் சோறு போட்டவரை ஊர் மெச்சுகிறது. அதை யாரும் வீண் என்று சொல்வதில்லை, சொல்லவும் வேண்டாம். மறக்க முடியாத ஒரு நேரத்துக்கு மனிதன் தன் சக்திக்கு மேலே செலவு செய்வான் என்பது நமக்கு நன்றாகத் தெரியும்.

1344இல் உலகப் பயணி இபுனு பதூதா இந்தக் கரையில் இறங்கினார். 'பத்தாலா' என்று அவர் எழுதிய ஊரைப் புத்தளம் என்றே வரலாற்றாசிரியர்கள் கொள்கிறார்கள். அவரை வரவேற்ற அரசர் ஆரியச் சக்கரவர்த்தி, பாவா ஆதம் மலைக்கு (சிவனொளிபாத மலைக்கு) போக ஆசைப்பட்ட விருந்தாளிக்குப் பல்லக்கும் வழித்துணைக்கு ஆட்களும் கொடுத்தார். உணவுப் பொருள் சுமக்க மட்டும் பதினைந்து பேரை அனுப்பினார் என்று பதூதா குறித்து வைத்திருக்கிறார். உலகம் சுற்றிய மனிதர் அந்தப் பதினைந்து பேரை மறக்கவில்லை. இந்தக் கரையின் விருந்துக்கு அறுநூற்று எண்பது வருடப் பெயர் இருக்கிறது. ஆடம்பரத்தை வெள்ளைக்காரனிடம் கற்க வேண்டிய ஊர் இல்லை இது.

'தின்றது காலையில் போயிரும்' என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அப்பா இப்போது தொழிலுக்குப் போவதில்லை. முழங்கால் விடாது. அன்றைக்கு நான் கொடுத்த பில் தொகைக்கு அவருக்கு ஒரு நல்ல சாய்மனைக் கதிரை வாங்கியிருக்கலாம். வாங்கியிருந்தால் அது இதற்குள் இரண்டு தடவை பின்னல் அறுந்திருக்கும். அந்தச் சாப்பாட்டை அவர் இன்னும் சொல்கிறார். மிளகின் காரத்தை அல்ல, "ஐயாவுக்கு நண்டு தெரியும்போல" என்று அந்தப் பையன் சொன்னதைச் சொல்கிறார். வாழ்நாள் முழுக்கப் பிறர் தட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தவருக்கு, ஒரு நாள் அந்தத் தட்டின் முன்னால் உட்காரக் கிடைத்தது. தன் தொழிலின் மறுமுனையை அவர் அன்றைக்குத்தான் கண்டார். விலை கூடிய சாப்பாடு எல்லாம் நினைவில் நிற்கும் என்று நான் சொல்லவில்லை. தின்பவர் கவனித்துத் தின்றால், பரிமாறுபவர் மதித்துப் பரிமாறினால் நிற்கும். அந்தக் கவனத்துக்கும் மதிப்புக்கும் நேரம் வேண்டும், பழகிய ஆள் வேண்டும், முதல்தரமான பொருள் வேண்டும். மூன்றுக்கும் காசு வேண்டும்.

பெரிய மேசைகள் குற்றமில்லாதவை என்று நான் வக்காலத்து வாங்க வரவில்லை. உலகப் புகழ்பெற்ற உணவகமான கோப்பன்ஹேகனின் நோமா, சம்பளமில்லாத பயிற்சியாளர்களின் உழைப்பில் நெடுங்காலம் நடந்தது. 2023 தொடக்கத்தில் அதன் தலைமைச் சமையல்காரர் ரெனே ரெட்செபியே இப்படியான உணவகத்தை நடத்தும் முறை தாக்குப்பிடிக்காது என்று சொல்லி, வழக்கமான உணவகச் சேவையை நிறுத்தப் போவதாக அறிவித்தார். நம் கற்பிட்டியிலும் 14 தீவுகளைச் சேர்த்துப் பெரிய சுற்றுலாத் திட்டம் போட்டபோது, வாடி போடும் நிலமும் வலை இழுக்கும் கரையும் பறிபோகும் என்று மீனவர்கள் எதிர்த்தார்கள். அவர்கள் எதிர்த்தது நியாயம். கரையைப் பறித்துக்கொண்டு கரையின் மீனைப் பரிமாறும் மேசையை நானும் ஏற்க மாட்டேன்.

ஆகவே என் கோரிக்கை இது. விலை உயரட்டும், ஆனால் அந்த விலை திரும்பி வரும் வழி தெரியட்டும். உணவுப் பட்டியலில் நண்டின் எடையை எழுதுகிறீர்கள், எந்தக் களப்பு என்றும் எழுதுங்கள். புத்தளம் நண்டு என்ற பெயருக்கு ஒரு விலை உருவானால் புத்தளம் களப்பைக் காக்க அதுவே காரணமாகும். சின்ன நண்டையும் முட்டை சுமந்த நண்டையும் வாங்காதீர்கள். பிடிப்பவர்கள் சங்கமாகச் சேர்ந்து நேரே விற்க வழி விடுங்கள். சாப்பிடப் போகிறவர்களே, விலையைக் கேட்டு வெட்கப்படாதீர்கள், வெட்கப்பட வைக்கவும் விடாதீர்கள். ஆனால் சாப்பிட்டு எழும்புமுன், இது எங்கே பிடித்த நண்டு என்று பரிமாறுபவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பட்டியலில் பெயர் வரும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த விலை கூடிய மேசை இந்தக் கரையிலேயே போடப்பட வேண்டும். இங்கே காற்றுப் பட்டத்தைப் பிடித்துக் கடலில் சறுக்குவதற்கும் டொல்பின் பார்ப்பதற்கும் உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள். எங்கள் மாமி தன் வீட்டு முற்றத்தில் கிடுகுக் கொட்டில் போட்டு அவர்களுக்குச் சோறு ஆக்கிக் கொடுக்கிறார். முதல் வருடம் நண்டுக் கறிச் சாப்பாட்டுக்கு அவர் சொன்ன விலை நண்டு வாங்கிய காசுக்கும் தேங்காய்க்கும்தான் சரி. "நான் ஆக்கிறதுக்கு என்னத்துக்குப் புள்ள காசு? அது சும்மாதானே" என்றார். அந்தச் சொல் எங்கிருந்து அவர் வாய்க்கு வந்தது என்று எனக்குத் தெரியும். அது இத்தனை காலமும் நாம் எல்லாரும் சேர்ந்து அவர் காதில் ஓதியது.

போன பருவத்துக்கு ஊருக்குப் போனபோது கொட்டிலில் ஒரு பலகை தொங்கியது. மாமியின் மகன் எழுதிக் கொடுத்திருக்கிறான். 'கற்பிட்டிக் களப்பு நண்டு' என்று மேலே, அதன் கீழே விலை. பழைய விலையைப் போல மூன்று மடங்கு. மாமி சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்று பலகையைப் பார்த்தார்.

"கூடிப் போச்சா புள்ள?" என்று கேட்டார்.

"இல்ல மாமி" என்றேன். "இப்பதான் சரி."